குடு என்பது ஒரு மானின் பெயர்

டோடோமாவிலிருந்து இரிங்காவுக்குப் போகிற சாலையில் வையாபுரி போனில் படம்பிடித்து அனுப்பிய மான், மறுநாள் காலை பால் கறக்கிற நேரத்தில், கடல் தாண்டி, வேலாங்காட்டுவலசில் அவன் வீட்டு மாட்டுக் கொட்டகையில் எருமைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. சொம்போடு உள்ளே போன கலாமணி அதைப் பார்த்துவிட்டு முதலில் எருமையைத்தான் ஒரு அதட்டுப் போட்டாள், வந்ததற்கு இடம் விடாமல் குறுக்கே நின்றது என்பதற்காக.

நாங்கள் போர் வண்டிக்காரர்கள். பூமியில் எந்த இடத்தைக் காட்டி ஓட்டை போடச் சொன்னாலும் போடுவோம், தண்ணீர் பீய்ச்சினாலும் புழுதி பீய்ச்சினாலும் பைப்பை உருவிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்புவோம், அப்படியே திருச்செங்கோட்டில் தொடங்கி ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று தோண்டிக்கொண்டே போய், கடைசியில் வண்டி கப்பலிலும் நாங்கள் விமானத்திலுமாக ஆப்பிரிக்காவில் தான்சானியா என்கிற தேசத்துக்கு வந்து சேர்ந்தோம். போர் வண்டிக்கு டிரைவர் வையாபுரி. ட்ரில்லர் அங்கப்பண்ணன், எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். பின்னால் வருகிற பைப் வண்டி என்னுடையது. ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவே ஒரு மாவட்டமே கிடக்கும் என்பதால், தோண்டுகிற நேரத்தைவிடப் போகிற நேரம்தான் எங்களுக்கு அதிகம். போகிற நேரம் முழுக்க மான்தான்.

அந்தச் சாலையில் அடி பெருத்த மரங்கள் யானை உட்கார்ந்த மாதிரி இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும், அவற்றுக்கு நடுவே முள்ளும் புல்லும் செம்மண்ணும், ஆள் நடமாட்டம் என்று பார்த்தால் கரி மூட்டை விற்கிறவர்களும் ஆடு மேய்க்கிறவர்களும், மற்றதெல்லாம் வெயில். வையாபுரியின் இருக்கை உயரத்தில் இருப்பதால் அவனுக்குத்தான் முதலில் தெரியும். புதருக்குள் இலை மாதிரி ஒன்று ஆடும், காற்றே இருக்காது. காற்றில்லாமல் ஆடுகிற இலை காது. உடனே ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, நாயைத் தட்டிக்கொடுப்பது போல் காற்றை இரண்டு தட்டுத் தட்டுவான், பின்னால் வருகிற நானும் மெதுவாகப் பிரேக்கில் காலை வைப்பேன், அத்தனை டன் இரும்பும் பூனை மாதிரி ஓரங்கட்டி நிற்கும்.

"வந்துருச்சுடா சீக்கு," என்பார் அங்கப்பண்ணன். "டேய், நீ போர் போட வந்தியா, போட்டோ புடிக்க வந்தியா?"

"சித்த நேரமுங்ணா. அது இன்னும் பாக்கல."

"பாக்காட்டி என்னடா? நீ என்ன கல்யாணத்துக்குப் பொண்ணா பாக்கறே?"

பார்க்காத மானை வையாபுரி எடுக்க மாட்டான். கதவைத் திறந்தால் அந்தச் சத்தத்துக்கு ஓடிவிடும் என்பதால் இருக்கையிலேயே உடம்பை முறுக்கிக்கொண்டு, போனை ஜன்னல் கம்பியில் வைத்துக்கொண்டு, அது தலையைத் திருப்பி அவன் கண்ணுக்குள் பார்க்கிற வரைக்கும் மூச்சை அடக்கிக் காத்திருப்பான். காரணம் மிதுனா. அவன் விமானம் ஏறியபோது கலாமணியின் வயிற்றில் இருந்த பிள்ளை இப்போது எல்.கே.ஜி. போகிறாள், அப்பன் என்றால் உள்ளங்கை அகலத்தில் பேசுகிற ஒரு முகம் என்றுதான் அவளுக்குத் தெரியும், அந்த முகத்திடம் அவள் தினமும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அப்பா, இன்னிக்கு மான் உங்களப் பாத்துச்சா?"

அதனால் அனுப்பினான். கூட்டமாகத் தாவுகிற செம்மானை அனுப்பினான், ஆட்டுக்குட்டி அளவே இருந்துகொண்டு கல்யாணமான ஜோடியைப் போல இரண்டிரண்டாகவே நிற்கிற குட்டி மானை அனுப்பினான், காளை மாதிரி தாடை தொங்குகிற பெரிய மானை அனுப்பினான், எல்லாவற்றுக்கும் கீழே 'மான்' என்று எழுதி அனுப்பினான். எழுத்துக் கூட்டப் பழகியிருந்த மிதுனா ஒரு நாள் சலித்துக்கொண்டாள். "எல்லாமே மானா? ஒண்ணுக்கும் பேரு கெடையாதா?"

பெயர் கிடைத்தது மாமா நீமாவின் டீக்கடைத் திருப்பத்தில். மாமா என்றதும் மீசை வைத்த ஆள் என்று நினைத்துவிட வேண்டாம், இந்த ஊரில் பிள்ளை பெற்ற பொம்பளையைத்தான் மாமா என்கிறார்கள், நீமா என்பது பிள்ளையின் பேர். வந்த புதிதில் அங்கப்பண்ணன் ஊருக்குப் போன் போட்டு, மாமா கடையில்தான் டீ குடிக்கிறோம், மாமா நெம்பத் தங்கமான மனசு, சிரிச்சா பல்லெல்லாம் வெளுப்பு என்று சொல்லப்போக, அவர் வீட்டில் யாரோ சொந்தக்காரர் கிடைத்துவிட்டார் என்று ரொம்ப நாள் நிம்மதியாக இருந்தார்கள். அந்தத் திருப்பத்தில் நாங்கள் நின்ற நேரம் பார்த்து ஒரு ஜீப்பும் நின்றது. வெள்ளைக்காரப் புருசன் பெண்டாட்டி இரண்டு பேரும் புதர்ப் பக்கம் கையை நீட்டி, "குடு! குடு!" என்று குசுகுசுத்தார்கள்.

"என்னத்தடா குடுக்கச் சொல்றாங்க?" என்றார் அங்கப்பண்ணன். கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்லிப் பழகாத மனுசன்; இறங்கிப் போய் எங்கள் தண்ணீர்ப் பாட்டிலை அந்த அம்மாளின் நீட்டிய கையில் வைத்துவிட்டு வந்தார். அந்த அம்மாள் பாட்டிலையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள், மறுபடி புதரைக் காட்டி, "குடு," என்றாள். அப்போதுதான் நாங்கள் பார்த்தோம். சாம்பலும் செம்மண்ணும் கலந்த உடம்பில் சுண்ணாம்பில் விரலை நனைத்துக் கோடு இழுத்த மாதிரி வெள்ளைக் கோடுகள், பூவரச இலை போல அகன்ற காதுகள், கொம்பில்லாத தலை, ஒரு பெண் மான். அதற்குத்தான் குடு என்று பேர்.

வையாபுரி மூச்சை அடக்கினான், அது திரும்பி அவனைப் பார்த்தது, எடுத்தான். கீழே பேரை எழுதினான்: 'குடு.' அனுப்பினான்.

அங்கே மிதுனா படத்தைப் பார்த்தாள், எழுத்தைக் கூட்டினாள், கு, டு, குடு, என்று வாய்விட்டு ஒரு தரம் வாசித்தாள். அந்த வார்த்தையைச் சொல்லும்போது கையை நீட்டித்தான் அவளுக்குப் பழக்கம் என்பதால் கையையும் நீட்டினாள். அவ்வளவுதான் நடந்தது.

காலையில் கலாமணியிடமிருந்து போன் வந்தது.

"ஏனுங்க, நீங்க அனுப்புன மான் வந்துருச்சுங்க."

"படம் வந்துருச்சா?"

"படம் நேத்தே வந்துருச்சுங்க. மான் இன்னிக்குக் காலையிலதானுங்க வந்துச்சு. இதுக்கு என்ன போடறது? சோளத்தட்டு போட்டா மோந்துகூடப் பாக்க மாட்டீங்குது."

வையாபுரி போனைத் தடவி நேற்று எடுத்த படத்தைப் பார்த்தான். முள் இருந்தது, புல் இருந்தது, நடுவில் மான் அளவுக்கு ஒரு வெற்றிடம் இருந்தது, அதன் வழியாகப் பின்னால் இருந்த மலை தெரிந்தது. "எல தழை எதாச்சும் ஒடிச்சுப் போட்டுப் பாரு," என்றான்.

அது முருங்கைக்கீரை தின்றது. வீட்டு மரத்தில் கைக்கெட்டுகிற கிளையெல்லாம் தீர்ந்ததும் பக்கத்து வீட்டு வளர்மதியக்காவின் கிளுவை வேலியைத் தின்றது. வளர்மதியக்கா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வந்து நின்று, "ஏம்புள்ள கலா, ஊருல அவனவன் ஊட்டுக்காரன் செண்டு பாட்டிலு அனுப்பறான், சாக்லேட்டு அனுப்பறான், உங்கூட்டுக்காரன் அனுப்புனது எங்க வேலியத் திங்குது," என்று சத்தம் போட்டாள். போட்டுவிட்டு அதன் கண்ணைப் பார்த்தாள், பார்த்தபின் திரும்பிப் போய்த் தானே அரிவாளால் இன்னும் ரெண்டு கொத்து ஒடித்துக்கொண்டு வந்து போட்டாள். பால் சொசைட்டிக்காரர் வந்து இதை எருமைக் கணக்கில் காட்டுவதா பசுக் கணக்கில் காட்டுவதா என்று கவலைப்பட்டார். யாரோ நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். வனத்துறைக்காரர் ஒருவர் பைக்கில் வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, இந்தியாவில் இப்படி ஒரு மிருகம் கிடையாது, ஆகையால் இது இங்கே இல்லை என்று சொல்லி, இல்லாத மானுக்கு ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்கு மேல் பொம்பளைகள் வரத் தொடங்கினார்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் போர் வண்டிக்கு ஆள் போகாத வீடு குறைவு. ஒருத்தி வீட்டுக்காரன் கென்யாவில், ஒருத்தி மகன் மொசாம்பிக்கில், ஒருத்திக்கு எந்த நாடு என்றே சொல்லத் தெரியவில்லை, வெயில் ஜாஸ்தி என்று மட்டும் தெரியும். அவர்கள் மானின் கழுத்தில் முகத்தை வைத்து மோந்து பார்த்தார்கள். குளம்பிடுக்கில் ஒட்டியிருந்த சிவப்பு மண்ணை விரலால் நோண்டி முந்தானையில் முடிந்துகொண்டார்கள். "ஏஞ்சாமி, எங்கூட்டுக்காரரப் பாத்தியா, நேரத்துக்குச் சாப்பிடறாரா, இருமல் வந்துச்சுன்னாரே, நின்னுச்சா?" என்று ஒவ்வொருத்தியும் அதன் காதில் குனிந்து கேட்டார்கள், பூவரச இலை போன்ற அந்தக் காது கேட்டவள் பக்கமாகத் திரும்பியது, அதுவே அவர்களுக்குப் பதில் மாதிரி இருந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்தவளுக்கு இடம் விட்டார்கள்.

மறுநாள் காலை எருமையைக் கறந்து முடித்து நிமிர்ந்த கலாமணி, மானின் வயிற்றுக்குக் கீழே தரை நனைந்திருப்பதைப் பார்த்தாள். குனிந்து தொட்டாள். மடி கல்லாகக் கட்டியிருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை, ஈரக் கையோடே போனை எடுத்தாள்.

"ஏனுங்க, இது கன்னு போட்டிருக்குதுங்க. நீங்க தாய மட்டும் புடிச்சு அனுப்பிட்டீங்க. கன்னு அங்கதான் எங்கியோ நிக்கோணும், போய்ப் பாருங்க."

நாங்கள் அப்போது அந்தத் திருப்பத்தைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குழி போட்டுக்கொண்டிருந்தோம். வையாபுரி பைப் வண்டியை எடுக்கச் சொன்னான், அங்கப்பண்ணனும் ஏறிக்கொண்டார், போனோம். தேட வேண்டியே இருக்கவில்லை. வெளியிலேயே நின்றது. மான் கன்றுகளைப் புல்லுக்குள் ஒளித்துவைத்துவிட்டுத்தான் தாய் மேயப் போகுமாம், கூப்பிடும்வரை அது அசையக் கூடாதாம், மாமா நீமா சொன்னாள். கூப்பிட யாரும் வராததால் அது தானாகவே எழுந்து வந்து, தாய் கடைசியாக நின்ற இடத்தில் சாலையோரமாக நின்றுகொண்டிருந்தது. லாரிகள் அதைத் தாண்டித் தாண்டிப் போயின. "நேற்றிலிருந்து நிற்கிறது," என்றாள் மாமா நீமா. "என் ஆட்டுப் பாலை விரலில் வைத்துக் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதன் அம்மா எங்கே?"

"எங்கூட்ல," என்றான் வையாபுரி. அவனுக்குத் தெரிந்த அரைகுறைச் சுவாஹிலியில் அவன் சொன்னதை மாமா நீமா முழுக்கக் கேட்டாள், கேட்டுவிட்டு, "அப்படியானால் வரச் சொல்," என்றாள், பக்கத்துத் தெருவுக்குப் போனவளைச் சொல்வது போல.

திருப்பி அனுப்புகிற வழியை மிதுனாதான் சொன்னாள். குடு என்றதால் வந்தது, இந்தா என்றால் போய்விடும், அவ்வளவுதானே. கலாமணி மானைப் படம் எடுத்தாள், கீழே 'இந்தா' என்று எழுதினாள், விருந்தாளியை வழியனுப்பித் தாட்டிவிடுகிற மரியாதையோடு அதன் நெற்றியில் திருநீறு வைத்து, கழுத்தைத் தடவிக்கொடுத்து அனுப்பினாள். இங்கே வையாபுரி போனைப் பார்த்து, "இந்தா," என்று வாசித்தான். வாசித்த வாய் மூடுவதற்குள் தாய் மான் சாலையோரத்தில் நின்றது, நெற்றியில் திருநீறு கலையாமல். கன்று நாலு காலும் நடுங்க ஓடி வந்து மடியில் முட்டியது, வாயை வைத்தது, வாலை ஆட்டத் தொடங்கியது. நாங்கள் சந்தோஷத்தில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். திரும்பிப் பார்த்தபோது கன்றின் வாய் காற்றைச் சப்பிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. "ஏனுங்க, மறுபடியும் வந்துருச்சுங்க."

மறுநாள் இன்னும் நன்றாக அனுப்ப வேண்டும் என்று தெருவே கூடியது. வளர்மதியக்கா ஆரத்தி எடுத்தாள். வரிசையாக நின்று தொட்டுத் தொட்டு வழியனுப்பினார்கள். தாய் வந்தது, கன்று நேற்றைவிட மெதுவாக நடந்து வந்தது, வாயை வைத்தது, தாய் இல்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. கன்றின் விலா எலும்பு வெளியே தெரிந்தது, காது இரண்டும் தொங்கிவிட்டன. எங்களுக்கு வேலை ஓடவில்லை. வையாபுரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "நாந்தாண்ணா புடிச்சு அனுப்புனேன்," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

மாமா நீமாதான் டீ ஆற்றிக்கொண்டே கேட்டாள், "அனுப்பும்போது உங்கள் வீட்டுப் பெண்கள் அதனிடம் என்ன சொல்கிறார்கள்?"

"எல்லாரும் சொல்றதுதான். போயிட்டு வான்னு."

அதை அவளுக்குச் சுவாஹிலியில் சொல்ல வையாபுரி வார்த்தை வார்த்தையாகப் பிரித்தான்: போ, பிறகு, திரும்பி வா. மாமா நீமா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டாள். "வரச் சொல்லிவிட்டு, ஏன் வருகிறாய் என்று கேட்கிறீர்களா?"

அங்கப்பண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "அட கருமமே! அத்தன பேரும் வா வான்னு சொல்லித் தாட்டியுடறாளுக. அது சொன்ன பேச்சுக் கேக்கற மிருகமடா. நம்மள மாதிரின்னு நெனச்சீங்களா?"

செய்தி ஊருக்குப் போனது. ஒரே ஒரு எழுத்துத்தான் சொல்ல வேண்டும், போ. அந்த ஒரு எழுத்துக்காக வேலாங்காட்டுவலசு பட்ட பாட்டை என்னவென்று சொல்வது! வாசலிலிருந்து கிளம்புகிற ஒரு ஜீவனைப் பார்த்து அந்த வார்த்தையை மட்டும் தனியாகச் சொன்னவர்கள் அந்த ஊரில் யாரும் கிடையாது. கடைக்கு உப்பு வாங்கப் போகிறவனுக்கும் போயிட்டு வா, கடல் தாண்டிப் போகிறவனுக்கும் போயிட்டு வா. போ என்பது சண்டையில் வரும், இல்லாவிட்டால் பாடை கிளம்பும்போது மனதுக்குள் வரும், அப்போதும் வாயில் வராது. அதனால் போ என்ற பொருள் வருகிற, போ அல்லாத, வேறு ஒரு வார்த்தையைத் தேடினார்கள். "கெளம்பு சாமி," என்றாள் வளர்மதியக்கா; மான் கிளம்பி இரண்டடி வைத்து நின்றது, அடுத்து என்ன என்பது போல. "நட," என்றார் சொசைட்டிக்காரர். கொட்டகையைச் சுற்றி நடந்து வந்தது. "ஓடு," என்றார்கள், ஏரிக்கரை வரை ஓடித் திரும்பியது. திரும்பவும் வந்த வனத்துறைக்காரர், "செல்லவும்," என்றார். அது அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் நடுவே மிதுனா, "நான் சொல்லட்டா?" என்று வாயைத் திறந்தாள், கலாமணி பாய்ந்து அந்த வாயைப் பொத்தினாள். குழந்தை வாயில் அது வரக்கூடாது. கடைசியில் ஊர் சேர்ந்து ஒன்று சொன்னது: மான் யார் வீட்டுக்கு வந்ததோ அந்த வீட்டுக்காரிதான் சொல்ல வேண்டும், மற்றவர்கள் சொன்னால் செல்லாது. சொல்லிவிட்டு, நிம்மதியோடும் வெட்கத்தோடும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அன்று நாங்கள் குழியை அப்படியே போட்டுவிட்டு இரண்டு வண்டிகளோடும் திருப்பத்துக்கே வந்துவிட்டோம். கன்று புல்லில் படுத்திருந்தது. வையாபுரி அதன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக்கொண்டான், சத்தம் கூடுதலாக வைத்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"சொல்லு கலா. ஒரு வார்த்தைதான்."

"எனக்கு வாய் வராதுங்க."

"மானுக்குத்தான சொல்ற."

"வார்த்தைக்கு மானுன்னு தெரியுங்களா, மனுசன்னு தெரியுங்களா? இதே வாசப்படியிலதான் நின்னு உங்களுக்கு வாங்கன்னு சொன்னேன். வயித்துல புள்ளையோட சொன்னேன். அந்த ஒரு வார்த்தையப் புடிச்சுட்டுத்தான் இத்தன நாளா இந்த ஊட்டுல உக்காந்திருக்கறேன். இப்ப அதே எடத்துல நின்னு போன்னு சொன்னா, அது உங்களையும் போகச் சொன்ன மாதிரி ஆயிருச்சுன்னா?"

லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது, அதன் காற்றில் கன்றின் முதுகு மயிர் எழும்பி அடங்கியது.

"கன்னு நிக்குதுங்களா?"

"படுத்துக்கிச்சு."

"கண்ணு?"

"தெறந்துருக்குது."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது, பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம், பிறகு குரல் மாறியது. "நான் சொல்றேனுங்க. ஆனா அதுக்கு முந்தி நீங்க ஒண்ணு சொல்லோணும். எப்ப வர்றீங்கன்னு கேட்டா பாக்கலாம்பீங்க. இந்தக் குழி முடியட்டும், மாத்து ஆளு வரட்டும், பாக்கலாம். புள்ளைக்குக் காது குத்தறதுக்குக் கேட்டப்பவும் பாக்கலாம். இன்னிக்கு அது வேண்டாமுங்க. வர்றேன்னு சொல்லுங்க. வர்றதா இருந்தாச் சொல்லுங்க. இல்லீன்னா உட்டுருங்க."

வேறு நாளாக இருந்தால் அது ஒன்றும் பெரிய சங்கதியில்லை, எங்களில் யாரும் போனில் சொல்லாத பொய் இல்லை. ஆனால் சொன்ன சொல் கடலைத் தாண்டிப் போய் நாலு காலோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு, அன்றைக்கு வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. வையாபுரி வண்டியைப் பார்த்தான். மாத்து ஆள் இல்லை என்று முதலாளி ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் தலையை ஆட்டிவிட்டு வந்து ஏறி உட்கார்ந்த அந்த இருக்கையைப் பார்த்தான். அங்கப்பண்ணனைப் பார்த்தான்.

"வண்டிய என்னடா பாக்கற?" என்றார் அங்கப்பண்ணன். "நீ பொறக்கறதுக்கு முந்தி நான் லாரி ஓட்டுனவன். முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். புள்ள கேக்கறாளல்ல, பதில் சொல்லு."

"வர்றேன்," என்றான் வையாபுரி. பாதிதான் வந்தது, இருமிவிட்டு முழுசாக இன்னொரு தடவை சொன்னான். "கலா, நான் வர்றேன்."

அந்தப் பக்கம் எருமை கத்துவது கேட்டது. யாரோ ஒரு பொம்பளை, வேண்டாம்புள்ள, என்று தூரத்தில் சொல்வது கேட்டது. கலாமணி மானிடம் நடந்து போகிற கொலுசுச் சத்தம் கேட்டது, நின்றது. பிறகு அவள் சொன்னாள். கத்தவில்லை, அதட்டவில்லை, தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் கதவைச் சாத்துகிறவள் போல அவ்வளவு மெதுவாக, அந்த ஒரு எழுத்தைச் சொன்னாள். 'இந்தா' என்கிற எழுத்தோடு படம் வந்தது. வையாபுரி வாசித்தான்.

தாய் மான் வந்து நின்றது. மண்டியிட்டிருந்த வையாபுரியின் தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டி, கன்றின் முகத்தை நக்கியது, காதை நக்கியது, மூக்கால் நெம்பி நெம்பி அதை எழுப்பி நிறுத்தியது. கன்று மடியைத் தேடிப் பிடித்தது. நாங்கள் இந்தத் தடவை ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை, கண் சிமிட்டினால்கூடப் போய்விடுமோ என்று பார்த்துக்கொண்டே நின்றோம். கன்றின் கடைவாயில் நுரை வழிந்தது. வயிறு புடைத்தது. வையாபுரியின் கையில் போன் இருந்தது, அவன் அதைத் தூக்கவே இல்லை. அப்புறம் தாய் திரும்பி முள்ளுக்குள் நடந்தது, கன்று அதன் பின்னங்காலோடு ஒட்டிக்கொண்டு நடந்தது, காற்றில்லாமல் இலைகள் ஆடின, ஆடுவது நின்றது.

"போயிருச்சு," என்றான் போனில்.

"செரிங்க," என்றாள் கலாமணி.

டோடோமா பஸ் மாமா நீமாவின் கடை முன்னால்தான் நிற்கும். வையாபுரி பைப் வண்டியிலிருந்து தன் தோள்பையை எடுத்துக்கொண்டான், கிரீஸ் கையை மண்ணில் தேய்த்துக் கழுவிக்கொண்டான், மாமா நீமா அவனுக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கைக் காகிதத்தில் சுற்றிக்கொடுத்தாள். பஸ் புழுதியோடு வந்து நின்றது. அவன் படியில் காலை வைத்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தான். பழக்கம்தானே, என் வாய் தானாகத் திறந்தது. போயிட்டு, என்கிற வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அங்கப்பண்ணன் பாய்ந்து என் வாயைப் பொத்தினார், டீசல் நாறுகிற அந்தக் கையின் அழுத்தத்தில் எனக்குப் பல் வலித்தது. அவர் கண்ணைப் பார்த்த பிறகுதான் நான் என்ன சொல்லப் பார்த்தேன் என்று எனக்கே உறைத்தது. வா என்று சொல்லி அனுப்பினால் இவன் மறுபடி இங்கேயே வந்து நிற்பான், இந்தச் சாலையில், இந்த இருக்கையில்.

"சொல்லுங்கண்ணா," என்றான் வையாபுரி.

பாறையை, பைப்பை, முதலாளியை, வெயிலை, என்று கண்ணில் பட்ட எல்லாவற்றையும் நாள் முழுக்க வைதுகொண்டே இருக்கிற மனுசனுக்கு அந்த ஒரு எழுத்து அத்தனை சீக்கிரத்தில் வரவில்லை. என் வாயிலிருந்து கையை எடுத்து வையாபுரியின் தோளில் வைத்தார். கண்டக்டர் தகரத்தில் ரெண்டு தட்டுத் தட்டினான்.

"போ," என்றார் அங்கப்பண்ணன், தோளை விடாமலே. அப்புறம் விட்டார். "போடா சாமி. போ."